வெட்டினால் போதுமா, வேலிகாத்தானை?

"கண்மாயில் பொக்லைன் இறங்கிவிட்டது, வேலிகாத்தான் ஒழிந்தது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார் ஒரு தோழர். நாமும் மகிழ்ந்தோம், அடுத்த மழை வரையில்! ஒரு மரம் நின்ற தூரில் பத்துக் கொம்புகள் தழைத்து நின்றன. விறகு லாரியேறிப் போயிற்று. வேர் நமக்கு மிஞ்சிற்று.

சீமைக் கருவேலம் தானாக வந்த சனியனல்ல. அமெரிக்க மண்ணில் பிறந்து, 1870களில் இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டது. 1950களிலும் 60களிலும் ஏழையின் அடுப்புக்கு விறகாகட்டும் என்று இங்கே விதைக்கப்பட்டது. எரிந்தது உண்மை. ஆனால் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ச் சீமைகளில் வயலையும் வரத்துக் காலையும் அது விழுங்கிவிட்டதும் உண்மைதானே?

2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி ஆணையிட்டது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அந்நியத் தாவரங்கள் குறித்து மாநில அரசு கொள்கை ஒன்றை வெளியிட்டது. அவை ஒருபுறமிருக்கட்டும். நம் பட்டா நிலத்திலும் கொல்லைப்புறத்திலும் நிற்பதை நாம் என்ன செய்கிறோம்?

தரையோடு வெட்டுவது வீண் வேலை. துளிர்க்கும் கணு மண்ணுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. ஓர் அடிக்குக் குறையாமல் தோண்டித் தூரையே எடுக்க வேண்டும். கன்றாக இருந்தால் இன்னும் எளிது. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடலாம். தீ வைப்பதும், கண்ட மருந்தை ஊற்றுவதும் வேண்டா. அந்தக் கண்மாய்த் தண்ணீரைத்தான் நம் மாடு குடிக்கிறது.

ஆடுமாடுகளை மறந்துவிடக் கூடாது. நெற்று இனிக்கும், தின்னும். விதையோ கெட்டி ஓட்டுக்குள் இருப்பது. செரிக்காமல் சாணத்தோடு விழும். நெற்றுக் காலத்தில் கிடை போட்டால், எருவோடு முள்ளையும் விலைக்கு வாங்கியவர்களாவோம். வரப்புக்கு அப்பால் அண்டை நிலத்துக்காரர் சும்மா இருந்தாலும் இதே கதைதான். ஆகவே, இருவரும் கூடிப் பேசி ஒரே பருவத்தில் இறங்க வேண்டும். அகற்றிய இடத்தை வெறுமையாக விடாமல் வேம்போ, புங்கமோ, நாட்டுக் கருவேலமோ நட வேண்டும். விட்டால், பழைய விருந்தாளி திரும்பி வந்து குந்திக்கொள்வான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம். இந்த முள்ளை வெட்டி, மூட்டம் போட்டு, புகையில் கண்ணெரிந்து கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அப்பகுதியில் ஏராளம். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்கள் வீட்டில் உலை ஏறியது இந்த மரத்தால்தான். ஒரே வாரத்தில் இயந்திரத்தைக் கொண்டு வழித்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? இயந்திரக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை அவர்களுக்கே கூலியாகக் கொடுங்கள். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தூரெடுப்பதையும் கன்று நடுவதையும் அவர்களிடமே ஒப்படையுங்கள். விறகும் அவர்களுக்கே போகட்டும். கடப்பாரை பிடித்துப் பழகிய கை, தூரை விட்டுவைக்காது. லாரிக்கு அவசரப்படும் காண்டிராக்டரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?