வீணைக்கும் ஓர் இருக்கை

நம் பிள்ளைகள் எந்த இசைக்கருவியைக் கற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? பெற்றோர் என்போம், ஆசிரியர் என்போம், பிள்ளையின் விருப்பம் என்றும் சொல்வோம். ஆனால் வளைகுடா நாடுகளில் வாழும் நம்மில் பலருடைய இல்லங்களில் அதை முடிவு செய்வது, வாசலில் நிற்கும் சிறிய கார்தான். புல்லாங்குழல் பைக்குள் அடங்கும். வயலின் மடியில் அடங்கும். கீபோர்டு பின்னிருக்கையில் அடங்கும். வீணை அடங்காது. ஆகவே, "வீணை வேண்டாம்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இது முறைதானா?

இடர்ப்பாடு உண்மையே, அதனை மறுப்பதற்கில்லை. பலா மரத்தில் கடைந்த தஞ்சாவூர் வீணை ஏறத்தாழ நான்கடி நீளமுடையது. ஒரு முனையில் பருத்த குடம், மறுமுனையில் யாளி முகம், அதனருகே கீழ்ப்புறம் சுரைக்காய். அமீரகத்தில் 2017ஆம் ஆண்டு வந்த போக்குவரத்து விதி, பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்றது. பத்து வயது நிரம்பாத பிள்ளைகளை முன்னிருக்கையில் அமர்த்துவதையும் தடுத்தது. பிள்ளைகளின் நலம் காக்கும் நல்ல விதி அது. ஆயினும் தாய், தந்தை, இரு பிள்ளைகள், ஒரு வீணை என்ற கணக்கு சிறிய காருக்குள் சரிவருவதில்லை.

இடத்தைவிடப் பெரிய பகை வெப்பம். வீணையின் 24 மெட்டுகளும் கரி கலந்த தேன்மெழுகின்மீது பதிக்கப்பட்டவை. தேன்மெழுகு உருகுவதற்குச் சுமார் 62 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். இளகுவதற்கோ அவ்வளவு வேண்டியதில்லை. கோடையில் இங்கு வெளிக்காற்றே 45 பாகையைத் தாண்டுவதுண்டு. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்ளே அதனினும் மிகுதி. மெழுகு இளகினால் மெட்டு நகரும். மெட்டு நகர்ந்தால் சுரம் பிசகும். அதனைச் சீர்செய்யும் கைவினைஞரைத் தேடித் தஞ்சைக்கன்றோ செல்ல வேண்டும்!

இத்துணை இடர் எதற்கு என்று கேட்போர்க்கு நம் முன்னோரே விடை பகர்வர். மலைபடுகடாம் என்னும் சங்க நூலில், கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பையிலிட்டுக் கட்டிச் சுமந்து மலைவழி நடக்கின்றனர். அப்பைகள் பலாக்காய்க் கொத்துப் போலத் தொங்கின என்கிறார் புலவர். கருவி பெரிது, வழி நெடிது என்று அவர்கள் அதனை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லவில்லை.

ஆயினும் அவர்கள் போற்றிய யாழ் இன்று நம்மிடம் இல்லை. விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஒப்பற்ற உழைப்பு அது. யாழ் வழக்கொழிந்தமைக்குக் காரணம் பல கூறலாம். ஆனால் விரல்களை விட்டு அகன்ற கருவியை ஏட்டினால் மட்டும் மீட்டெடுத்தல் எத்துணை அரிது என்பதற்கு அவ்வரலாறே சான்று. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கும் அக்குறியீடு பெயரைத்தான் காக்கும். வாசிப்பைக் காக்க வேண்டியவர் நாம்.

வழி இல்லாமல் இல்லை. ஓட்டுநரின் அருகிலுள்ள இருக்கையை நன்கு சாய்த்து, மெத்தை இட்டு, குடத்தை அதன்மீது இருத்தித் தண்டியைப் பின்னோக்கிக் கிடத்தலாம். சுரைக்காயைக் கழற்றித் தனியே வைக்கலாம். தந்திகள் மேல்நோக்கி இருக்கட்டும். அவற்றின்மீது எதுவும் அழுந்தலாகாது. திடீரென நிறுத்தினாலும் உருளாதபடி பட்டையால் பிணைத்தல் வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னே பிள்ளை அமரலாம். காரை முன்னரே குளிர்வித்தபின் வீணையை ஏற்றுக. இறங்கும்போது பிள்ளையோடு வீணையையும் இறக்குக. கடைக்குச் சென்றுவரும் சிறுபொழுதுகூட அதனைக் காரில் விட்டுச் செல்லாதீர்.

இதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. அபுதாபியில் 2008இல் தொடங்கிய பைத்துல் ஊத் என்னும் இசைப்பள்ளி, ஊத் கருவியைக் கற்பிப்பதோடு அதனைச் செய்யும் பட்டறையையும் உடன் வைத்தது. நம்மைப்போன்ற வார இறுதிப் பள்ளிகளுக்குப் பட்டறை இயலாது. ஆனால் பெற்றோர் கூடிப் பொருளீட்டினால், பள்ளிக்கென இரண்டு வீணைகள் வாங்கிக் குளிரூட்டிய அறையில் வைத்தல் இயலும். வீட்டில் பயிற்சிக்கு ஒன்று, பள்ளியில் பாடத்திற்கு ஒன்று என்றானால் வாரந்தோறும் சுமக்கும் தொல்லை நீங்கும். கழற்றி இணைக்கும் பயண வீணையும் மின்னணு வீணையும் இன்று கிடைக்கின்றன. தொடக்கநிலை மாணவர்க்கு அவை போதும். கருவியை மாற்றுவதினும் கருவியின் வடிவை மாற்றுவது மேலன்றோ?

மாணவச் செல்வங்களே! உங்கள் கருவியை ஏற்றவும் இறக்கவும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். சுமந்து பழகிய கருவியின்மீது தனி அன்பு பிறக்கும். பெற்றோர்களே! காரின் அளவு கண்டு குழந்தையின் கலையை அளக்க வேண்டாம். கார் ஐந்தாறு ஆண்டுகளில் மாறும். குழந்தையின் விரலில் ஏறிய இசை வாழ்நாள் முழுதும் உடன்வரும்.