பால்மரக் கரியும் பிறை உருக்காலையும்

1967-ல் பிறையில் ஜப்பானியக் கூட்டோடு மலாயாவாத்தா உருக்காலை இயங்கத் தொடங்கியபோது அதன் உலைக்கு இட்ட கரி எது தெரியுமா? நம் பால்மரம்! உலைக்கேற்ற நிலக்கரி மலாயாவில் இல்லை. மறுநடவுக்கு வெட்டிய கிழட்டு மரங்களைக் கரியாக்கி இரும்பை உருக்கினார்கள். இருபத்தைந்து முப்பதாண்டு பால் தந்த மரம், செத்தும் உழைத்தது. (வெட்டுக்காரர் விதியும் அதுதானே என்று கிராணிகள் நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.)

பின்னாளில் ஆலை ஆன் ஜூ நிறுவனத்தின் கைக்கு மாறியது. பழைய பெயர் போயிற்று. கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுனிலோ, டத்தோ கிராமட்டில் ஈயம் உருக்கிய ஆலையே போய், அவ்விடத்தில் டைம்ஸ் ஸ்குவேர் அங்காடி நிற்கிறது.

பிறைக்கும் அப்படியொரு நாள் வரலாம். வரலாறு எழுதுவோர் ஜப்பானிய நுட்பத்தை எழுதட்டும். மரத்தை நட்டவரையும் சீவியவரையும் சேர்த்தே எழுத வேண்டும். அங்கே எழும் வீட்டிலும் வேலையிலும், தோட்டத்தை விட்டு வந்த நம் பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டும்.