மண்ணில் பயிற்சி வேண்டும். மண்ணில் போட்டி வேண்டாம்!

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் பந்தயத்தில் விழுவது உண்டு. அது அந்தத் தொழிலோடு பிறந்த ஆபத்து. ஆனால், பந்தயமே இல்லாத ஒரு நாளில், பயிற்சிக்காகப் போன மண் பாதையில் அவருடைய கால் முறிந்தால்?

வாலண்டினோ ரோசிக்கு அதுதான் நேர்ந்தது.

ரோசி இத்தாலி நாட்டுக்காரர். 9 முறை உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர். 2017-ம் ஆண்டில் அவருக்கு வயது 38. அந்த வயதிலும் 10-வது பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். புள்ளிப் பட்டியலில் அவருக்கு 4-வது இடம். முதல் இடத்தில் இருந்தவரை விட 26 புள்ளிகள்தான் குறைவு. ஒரு பந்தயத்தில் வென்றாலே 25 புள்ளிகள் கிடைக்கும். எனவே பட்டம் எட்டாத உயரத்தில் இல்லை.

ஆகஸ்டு 31-ந் தேதி உர்பினோ நகருக்கு அருகே, கரடுமுரடான பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகினார். வண்டி சாய்ந்தது. வலது காலில், முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன. அங்கோனா ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஆபரேஷன் செய்து, எலும்புக்குள் உலோகக் கம்பி பொருத்தினார்கள்.

அடுத்த பந்தயம் மிசானோவில். அது அவருடைய சொந்த ஊரான தவுல்லியாவுக்குப் பக்கத்து ஊர். சொந்த மக்கள் கொடி பிடித்துக் காத்திருந்தார்கள். ரோசி வரவில்லை. பட்டக் கனவும் அத்தோடு கலைந்தது.

"இந்தப் பயிற்சி தேவைதானா?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

மண்ணைத் தேடிப் போவது ஏன்?

கிரிக்கெட் வீரர் தினமும் வலைக்குள் நின்று பந்தடித்துப் பழகலாம். நீச்சல் வீரர் தினமும் குளத்தில் இறங்கலாம். மோட்டோ ஜி.பி. என்னும் உலகப் பந்தயத்தில் ஓடும் வீரருக்கு அந்த வசதி கிடையாது. தம் பந்தய வண்டியை நினைத்த நாளில் எடுத்து ஓட்ட விதி இடம் தருவதில்லை. குறிப்பிட்ட சில சோதனை நாட்களில்தான் பெரும்பாலும் அதைத் தொட முடியும்.

அந்த வண்டியோ சாதாரண வண்டி அல்ல. 2023-ம் ஆண்டு இத்தாலியில் முகெல்லோ பந்தயப் பாதையில் பிராட் பைண்டர் என்ற வீரர் மணிக்கு 366.1 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டார். நம் எக்ஸ்பிரஸ் ரெயிலின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

அந்த வேகத்தில் ஓடுகிறவர், வளைவுக்கு வளைவு வண்டியைத் தரையோடு தரையாகச் சாய்க்க வேண்டும். டயர் கொஞ்சம் சறுக்கினாலும் கண் இமைக்கும் நேரத்தில் அதைச் சரிசெய்ய வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் இல்லை. கையும் காலும் தாமாகவே அதைச் செய்ய வேண்டும்.

அதை எங்கே கற்பது? மண்ணில்தான்.

மழை பெய்த வரப்பில் நடந்து பழகியவரைப் பாருங்கள். கால் வழுக்கும். ஆனால், அவர் விழமாட்டார். வழுக்கும்போது உடம்பை எப்படித் திருப்ப வேண்டும் என்பது அவர் காலுக்கே தெரியும். மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் அதே பாடம்தான். தார்ப் பாதையில் மின்னல் வேகத்தில் நடக்கும் சறுக்கல், மண்ணில் குறைந்த வேகத்திலேயே நடக்கிறது. ஒரே நாளில் நூறு முறை சறுக்கலாம். நூறு முறை சமாளிக்கலாம். கை, தோள், தொடை எல்லாவற்றுக்கும் நல்ல உழைப்பு. மூச்சும் பலப்படும்.

மண் தந்த சாம்பியன்கள்

இது வெறும் பேச்சு அல்ல. சரித்திரமே சாட்சி சொல்கிறது.

அமெரிக்காவில் முட்டை வடிவத்தில் மண் பந்தயப் பாதைகள் உண்டு. பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டே அங்கே வளைவைக் கடப்பார்கள். கென்னி ராபர்ட்ஸ் அந்தப் பாதைகளில் வளர்ந்தவர். 1973, 1974-ம் ஆண்டுகளில் அமெரிக்கச் சாம்பியன் ஆனார். பிறகு ஐரோப்பாவுக்குப் போய், 1978, 1979, 1980 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 500 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். மண்ணில் கற்ற வித்தை தார்ப் பாதையில் கை கொடுத்தது.

ஆஸ்திரேலியாவின் கேசி ஸ்டோனர் சிறு வயதில் மண் பாதையில் ஓட்டியவர். 2007, 2011-ம் ஆண்டுகளில் உலகப் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் நிக்கி ஹேடனும் மண்ணில் வளர்ந்தவரே. அவர் 2006-ம் ஆண்டின் உலகச் சாம்பியன்.

ரோசி தம் ஊரிலேயே ஒரு மண் பாதை அமைத்து, இளம் வீரர்களைப் பழக்குகிறார். அங்கே பழகிய பிரான்செஸ்கோ பக்னையா 2022, 2023-ம் ஆண்டுகளில் உலகச் சாம்பியன் ஆனார்.

ஒரே வீரர், இரண்டு விபத்து

லாபம், நஷ்டம் இரண்டையும் ஒரே மனிதரிடம் காணலாம். அவர் ஸ்பெயின் நாட்டின் மார்க் மார்க்கெஸ்.

2014-ம் ஆண்டு பிப்ரவரியில் மண் பாதையில் பழகும்போது அவருடைய வலது காலில் எலும்பு முறிந்தது. பந்தயங்கள் தொடங்க ஒரு மாதமே இருந்தது. சோதனை ஓட்டங்களுக்கு அவரால் போக முடியவில்லை. ஆனாலும் மார்ச்சில் கத்தாரில் நடந்த முதல் பந்தயத்தில் வென்றார். அதோடு நிற்கவில்லை. தொடர்ந்து 10 பந்தயங்களில் வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் பெற்றார்.

"பார்த்தீர்களா! கால் முறிந்தால்கூடக் கவலை இல்லை" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அடுத்த கதையையும் கேளுங்கள்.

2021-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி மிசானோ பந்தயத்தில் மார்க்கெஸ் வென்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. மண் பாதைப் பயிற்சியில் விழுந்தார். தலையில் அதிர்ச்சி. பிறகு ஒரு பொருள் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. பந்தய வீரருக்குக் கண் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? அந்த ஆண்டின் கடைசி இரண்டு பந்தயங்களிலும் அவர் இல்லை. மீண்டும் வண்டியில் ஏற அடுத்த ஆண்டு ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முறிந்த எலும்பு கூடிவிடும். கண்ணுக்கும் மூளைக்கும் அப்படி உறுதி சொல்ல முடியுமா?

எல்லா மண்ணும் ஒன்றல்ல

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

தட்டையான மண் பாதையில் வட்டமாகச் சுற்றி ஓட்டுவது ஒரு வகை. மேடு பள்ளங்களில் பாய்ந்து, வண்டியோடு வானில் எழும்பிக் குதிப்பது இன்னொரு வகை. இதற்கு மோட்டோகிராஸ் என்று பெயர். முதல் வகையில் விழுந்தாலும் பெரும்பாலும் தரையில் சறுக்கிக்கொண்டு போவார்கள். இரண்டாவது வகையில் உயரத்திலிருந்து விழ வேண்டும். வண்டியும் மேலே வந்து விழலாம்.

2010-ம் ஆண்டு மோட்டோகிராஸ் பயிற்சியில்தான் ரோசியின் தோள் காயம் அடைந்தது. ஆண்டு முடியும்வரை அந்த வேதனை தீரவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆண்ட்ரியா டொவிசியோசோ, இத்தாலியில் பயென்சா என்ற ஊரில் மோட்டோகிராஸ் போட்டியில் ஓடி, தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். கவனியுங்கள்: அது பயிற்சிகூட அல்ல, போட்டி! மூன்று வாரம் கழித்து உலகப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார் என்பது அவருடைய மன உறுதிக்குப் பெருமை. அந்தக் காயம் தேவையற்றது என்பதை அது மறைத்துவிடாது.

தடை போடலாமா?

"மண் பயிற்சியையே தடை செய்துவிடுங்கள்" என்று சிலர் சொல்லலாம். அது சரியான வழி அல்ல.

நிக்கி ஹேடனின் முடிவை நினைத்துப் பாருங்கள். 2017-ம் ஆண்டு மே மாதம், இத்தாலியில் ரிமினி நகருக்கு அருகே, உடற்பயிற்சிக்காகச் சாதாரண சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். கார் மோதியது. சில நாட்களில் இறந்துபோனார். வயது 35. உலகமெங்கும் அசுர வேகத்தில் ஓடி உயிரோடு திரும்பியவர், சைக்கிளில் போய் உயிர் இழந்தார். ஆபத்தே இல்லாத பயிற்சி என்று ஒன்று இல்லை.

மண்ணை மூடிவிட்டால், சறுக்கலை வீரர் எங்கே கற்பார்? 300 கிலோ மீட்டர் வேகத்திலா? அதுதான் பெரிய ஆபத்து.

ஆகவே, வேண்டியது தடை அல்ல; கட்டுப்பாடு.

பழகப் போகிறவர் பழகிவிட்டுத் திரும்ப வேண்டும். பக்கத்தில் ஓடுகிற நண்பரைத் தோற்கடிக்க நினைத்தால், அந்த நொடியே பயிற்சி பந்தயமாகிவிடுகிறது. பந்தயம் நெருங்கும் வாரங்களில் உயரக் குதிக்கும் பாதைகளை விட்டு, தட்டையான பாதையோடு நின்றுகொள்ளலாம். தலைக்கவசம், மார்புக் கவசம், முழங்கால் காப்பு, கனமான பூட்ஸ் இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாது. முதல் உதவி தெரிந்த ஒருவர் பயிற்சி இடத்தில் இருக்க வேண்டும். தனியாக ஓட்டவே கூடாது.

காயம் பட்டபின் திரும்பும் நாளை டாக்டர் சொல்ல வேண்டும். ரசிகர்களின் கைத்தட்டல் சொல்லக் கூடாது. கால் முறிந்த 24-வது நாளில் ரோசி பந்தயத்தில் ஓடி 5-வதாக வந்தார். உலகம் வியந்தது. ஆனால், 2020-ம் ஆண்டு பந்தயத்தில் கை முறிந்த மார்க்கெஸ், ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே வண்டியில் ஏறினார். அந்தக் கைக்கு மொத்தம் நான்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. எல்லோருக்கும் எல்லா முறையும் அதிர்ஷ்டம் துணைக்கு வராது.

இளைஞர்களுக்கு

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சாம்பியன்கள் சறுக்கிப் பழகுவது அதற்கென்று அமைத்த இடத்தில், உடம்பெல்லாம் கவசம் அணிந்து. ஊர்ச் சாலையில் அந்த வித்தையைக் காட்டுவது வீரம் அல்ல. அங்கே குழந்தைகள் நடக்கிறார்கள், முதியவர்கள் வருகிறார்கள்.

வீழ்ச்சியைப் படிப்பதற்காகவே வீரர் மண்ணுக்குப் போகிறார். பாடம் முடிந்ததும், முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். பந்தய நாளில் அவர் களத்தில் நின்றால்தான், படித்த பாடத்துக்குப் பலன் உண்டு.