யாரால்?

சில தினங்களுக்கு முன் நம் வகுப்பறை ஜன்னல் கண்ணாடி ஒன்று தூள் தூளாகக் கிடந்தது. பக்கத்திலேயே ஒரு கிரிக்கெட் பந்தும் கிடந்தது. "என்ன சங்கதி?" என்று வினவினோம். முன் பெஞ்சிப் பிள்ளையாண்டான் ஒருவன் எழுந்து, "ஸார், தி க்ளாஸ் வாஸ் ப்ரோக்கன்!" என்றான். அட்சரப் பிழையில்லாத வாக்கியம்! ஒரு வாரமாகச் செயப்பாட்டு வினையைப் போதித்துவந்த நமக்கு உச்சி குளிர்ந்தது. வீடு திரும்பும்போதுதான், உடைத்தவன் யார் என்று கேட்கவே மறந்துவிட்டோம் என்பது நினைவுக்கு வந்தது.

செயப்பாட்டு வினையின் மகிமையும் அபாயமும் அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கியிருக்கின்றன.

"ராமன் கடிதம் எழுதினான்" என்பது செய்வினை. "கடிதம் ராமனால் எழுதப்பட்டது" என்பது செயப்பாட்டு வினை. தமிழில் 'படு' செய்யும் காரியத்தை இங்கிலீஷில் 'பி' என்னும் துணைவினை செய்கிறது. அது காலத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப 'ஈஸ்', 'வாஸ்', 'வேர்' என்று வேஷம் மாறி, 'ரிட்டன்' போன்ற வினையெச்ச வடிவத்துக்கு முன்னே வந்து நிற்கும். நம் 'ஆல்' உருபின் ஸ்தானத்தில் 'பை' வரும். செயப்படுபொருளை ஏற்காத வினைக்கு இம்மாற்றம் கிடையாது. ஆகவே, நம் பிள்ளைகள் அடிக்கடி எழுதும் "தி ஆக்ஸிடெண்ட் வாஸ் ஹாப்பெண்ட்" என்பது பிழை. 'வாஸ்' அங்கே வேண்டாத விருந்தாளி.

'பை' என்பதையும் அதற்குப் பின் வரும் பெயரையும் நீக்கிவிட்டாலும் வாக்கியம் முழுமையாகவே நிற்கும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சைக்கிள் களவு போனால் கள்வன் யாரென்று நமக்குத் தெரியாது. ரஸாயன சோதனையில் நீரைச் சூடாக்கியவர் யாரென்பது முக்கியமன்று. இத்தகைய இடங்களில் செயப்பாட்டு வினையே தக்கது. செய்வினை எழுதக்கூடிய இடத்தில் செயப்பாட்டு வினையை எழுதாதீர்கள் என்று 1946-ல் ஜார்ஜ் ஆர்வெல் விதி வகுத்தார். ஆயினும் அதே கட்டுரையில் அவரும் அதைத் தாராளமாகக் கையாண்டிருக்கிறார்!

ஆனால், கர்த்தா தெரிந்திருந்தும் அவரை மறைப்பது வேறு விஷயம். 1919 ஏப்ரல் 13-ந் தேதி அமிருதசரஸ் ஜாலியன்வாலாபாக்கில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. சர்க்கார் கணக்குப்படியே 379 பேர் கொல்லப்பட்டனர். இவ்வாக்கியத்தில் இலக்கணக் குற்றம் ஏதுமில்லை. ஆனால், சுடும்படி கட்டளையிட்ட ஜெனரல் டையர் எங்கே? துப்பாக்கிகள் தாமாகவே வெடித்தாற்போலல்லவா தொனிக்கிறது! 1987-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஈரான் விவகாரத்தில் தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் யார் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

ஆகவே அறிக்கையையோ பத்திரிகைச் செய்தியையோ படிக்கும்போது, செயப்பாட்டு வினையைக் கண்டவுடன் "யாரால்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை அவசியமில்லையென்றால் மேலே செல்லுங்கள். அவசியமாயிருந்தும் விடை காணோமென்றால், சற்றே நின்று யோசியுங்கள். குழந்தைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பியுங்கள்.

மறுநாள் வகுப்பில் நாமும் அதைத்தான் கேட்டோம்: "பை ஹூம்?" சற்று நேரம் நிசப்தம். பிறகு அதே பிள்ளையாண்டான் மெதுவாக எழுந்தான்.

"ஐ ப்ரோக் இட், ஸார்."

செய்வினை! முழு மதிப்பெண் கொடுத்தோம். கண்ணாடிக்குரிய பணத்தில் பாதியை நாமே கொடுத்துவிடுவதாகவும் தீர்மானித்தோம்.