வீடு பார்க்கும் லட்சணம்

கிராமத்தை விட்டுப் புதுக்கோட்டை நகரில் குடியேற விரும்பிய தோழர் ஒருவரோடு நாமும் சில அடுக்குமாடி வீடுகளைப் பார்க்கப் போயிருந்தோம். தரகர் முதலில் காட்டியது வாசலின் திசையை; அடுத்தது சமையலறை அக்கினி மூலையில் இருப்பதை; அதற்கடுத்தது மொட்டைமாடித் தொட்டி நிருதி மூலையில் இருப்பதை. குழாயைத் திறந்து காட்டும்படி நாம் கேட்டபோதுதான் மோட்டார் ஓடவில்லை என்று சமாதானம் சொன்னார். விடாமல் திறந்து பார்த்ததில், நிருதி மூலைத் தண்ணீர் நூல் போல் ஒழுகிற்று.

தோழர்களே! தண்ணீர் வேகமாய் வருவதற்கு நிருதியும் ஈசானனும் என்ன செய்யக் கூடும்? தொட்டியின் நீர்மட்டம் குழாய் வாய்க்கு மேல் எவ்வளவு உயரமோ அதைப் பொறுத்ததுதான் அழுத்தம். 10 மீட்டர் உயரத்திற்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம். இக்கணக்கு லண்டனிலும் இதுதான், திருமயத்திலும் இதுதான். அதனால்தான் தொட்டி தலைக்கு மேலேயே இருந்தும் மேல்மாடிக்காரனுக்கு வேகம் குறைவு, அடிவீட்டுக்காரனுக்கு அதிகம். அன்றியும், சாஸ்திரத்துக்காகத் தொட்டியை ஒரு கோடியிலும் குளியலறையை மறு கோடியிலும் வைத்து, ஒல்லிக் குழாயை ஐந்தாறு இடத்தில் வளைத்து இழுத்தால், இருக்கிற வேகமும் உராய்விலேயே போய்விடும்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள் பஞ்சாங்கத்தை வைத்துவிட்டு ஒரு வாளியை எடுத்துப் போங்கள். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் காலை 7 மணிக்குப் போய், 15 லிட்டர் வாளி எத்தனை நிமிஷத்தில் நிறைகிறதென்று பாருங்கள். காவிரிக் குடிநீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, கீழ்த்தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று சொந்தக்காரரை அல்ல, பக்கத்து வீட்டு அம்மாளைக் கேளுங்கள்.

பஸ்ஸும் அப்படியே. 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பஸ்ஸில் கட்டணமில்லை என்று ஆயிற்று. பஸ் நிற்காத தெருவில் குடியிருந்தால் அதனால் என்ன பிரயோஜனம்? 1991-இல் அறிவொளி இயக்கத்தின்போது இம்மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, ராகுகாலம் பார்த்தா ஏறினார்கள்?

நிற்க. இரண்டாவது வீட்டில் தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் சொந்தக்காரர், "நீங்க என்ன ஆளுக?" என்றார். தோழர் மறைக்காமல் சொன்னார். உடனே அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவர் ஒருவர் திடீரென்று ஞாபகத்துக்கு வந்துவிட்டார்! இதே மாவட்டத்தில் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26-இல் தெரிய வந்தது. நேரில் போன கலெக்டர் கண்டது டீக்கடையில் இரட்டைக் குவளையையும் அவர்களுக்குத் திறக்காத கோயிலையும். அது பட்டிக்காட்டுச் சங்கதி என்று நகரத்தார் முகம் சுளித்தார்கள். மலத்தைக் கலக்காமல், மரியாதையாக ஜாதி கேட்டு, குழாயையே கொடுக்க மறுப்பவருக்கு நாகரிகர் என்று பெயரா? ஊரில் படும் இழிவுக்குத் தப்பித்தானே ஒருவன் நகரத்துக்கு வருகிறான்? இங்கும் அதே கேள்வி என்றால் அவன் எங்கே போவான்?

தோழருக்குக் கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. மூன்று மாடிக் கட்டடத்தில் அடிவீடு. ஒன்றரை நிமிஷத்தில் வாளி நிறைகிறது. இருநூறு அடியில் பஸ் நிற்கிறது. சொந்தக்காரர் ஜாதி கேட்கவில்லை. வாசல் தெற்கு பார்த்தது, எமன் திசை என்று பலர் திரும்பிப் போனதால் வாடகையில் மாதம் ஐந்நூறு ரூபாய் குறைத்திருக்கிறார்.