ஐசிங் கேக்கை விடுவம், ஷோர்ட்பிரெட் சுடுவம்

திருமலைத் துறைமுகத்தை விட்டு பிரித்தானியக் கடற்படை 1957இல் போய்விட்டது. கேக் போகவில்லை. பிறந்தநாளோ ஒன்றுகூடலோ, 60 பேர் சேர்ந்தால் மேசை நடுவில் ஐசிங் பூசிய கேக் இருக்கத்தான் வேணும் என்றாகிவிட்டது. அதில் முட்டை. விரதம் பிடிக்கிற மாமியும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற நண்பரும் வாழைப்பழத்தோடு ஒதுங்கி நிற்கிறார்கள். எங்கட வெக்கையில் ஐசிங்கும் உருகி வழியும்.

அதே பிரித்தானிய அடுக்களையிலேயே மாற்றும் இருக்கிறது: ஸ்கொட்லாந்தின் ஷோர்ட்பிரெட். முட்டை இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. நிறைக்கணக்கில் சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு, மா மூன்று. 300 கிராம் சீனி, 600 கிராம் பட்டர், 900 கிராம் மா எடுத்தால் 60 சின்னத் துண்டு வரும். கோதுமை மா சீனக்குடா ஆலையிலேயே அரைபடுகிறது. அதில் 150 கிராமைக் குறைத்து அரிசிமா போடுங்கோ. மொறுமொறுப்புக்கு ஸ்கொட்லாந்துக்காரரும் அதைச் சேர்ப்பதுண்டு. சீனியை அரைத்து, எல்லாவற்றையும் பிசைந்து, தட்டுகளில் அழுத்தி, முள்ளுக்கரண்டியால் குத்தி, 160 பாகை செல்சியஸில் இளம்பொன்னிறம் வரும்வரை சுட்டு, சூட்டோடு வெட்டவேணும். காற்றுப்புகாத டின்னில் ஒரு கிழமை கெடாது. அதனால் கூட்டத்தன்று ஒருத்தர் குசினிக்குள் அடைபடத் தேவையில்லை.

"பட்டர் விலை தெரியுமோ?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் முட்டைச் செலவும் ஐசிங் செலவும் மிச்சம். துண்டும் சின்னனே போதும்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் வாழ்கிற ஊர் இது. எல்லாரும் கைவைக்க முடியாத பலகாரத்தை நாங்கள் ஏன் மேசை நடுவில் வைக்கவேணும்?