‘விண்டோஸில் இயங்கும்’ என்றால் எந்த விண்டோஸில்?

மென்பொருள் விற்க வருபவர்களிடம் நான் பல ஆண்டுகளாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றேன். இது எந்தெந்த இயங்குதளப் பதிப்புகளில் இயங்கும்? பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘விண்டோஸில் இயங்கும் ஐயா’ என்பதுதான். காலாவதித் திகதி பொறிக்கப்படாத பால்மாப் பெட்டியைக் கடையில் வைத்து விற்க முடியாத நாட்டில், பல்லாயிரம் ரூபா பெறுமதியான மென்பொருளை இந்த ஒற்றை வாக்கியத்தோடு விற்றுவிட முடிகின்றது. வாங்கியவர் வீட்டிற்கோ அலுவலகத்திற்கோ கொண்டுசென்று, தாமே சோதித்து, தாமே ஏமாந்துகொள்ள வேண்டியதுதான்.

விண்டோஸ் என்பது ஒரே பொருளன்று. 2001 இல் எக்ஸ்பி, 2007 இல் விஸ்டா, 2009 இல் விண்டோஸ் 7, 2012 இல் 8, 2015 இல் 10, 2021 இல் 11 என்று அது மாறிவந்துள்ளது. எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் பல, தமது அமைப்பு விபரங்களை நிரல்கள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே எழுதிக்கொண்டன. விஸ்டா அந்த உரிமையைக் கட்டுப்படுத்தியது; நேற்றுவரை ஓடியவை தடுமாறின. 64 பிட் விண்டோஸ், பழைய 16 பிட் நிரல்களை இயக்காது. 32 பிட் வன்பொருள் இயக்கிகளையும் ஏற்காது. பாதுகாப்புச் சாவியைக் கணினியில் செருகினால் மட்டுமே திறக்கும் மென்பொருளுக்குப் பணம் கொடுத்தவர்கள் இதன் பொருளை நன்கு அறிவார்கள். சாவி கையில் இருக்கும்; அதற்குரிய 64 பிட் இயக்கி இல்லையென்றால் பூட்டுத் திறக்காது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

பதிப்பு இலக்கத்தைப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. விண்டோஸ் 7 இன் உள் இலக்கம் 7 அன்று, 6.1 ஆகும். இலக்கத்தின் முதற்பகுதியை மாற்றினால், அதைச் சரிபார்க்கும் பழைய மென்பொருள்கள் நின்றுவிடக்கூடும் என்பதால் அவ்வாறு வைத்ததாக மைக்ரோசொஃப்ட் 2008 இலேயே விளக்கமளித்தது. 2013 இல் வெளிவந்த விண்டோஸ் 8.1, தன்னை அறிந்திருப்பதாக முன்கூட்டியே அறிவிக்காத மென்பொருள்களிடம் தன் இலக்கத்தை 6.2 என்றே சொன்னது. அது விண்டோஸ் 8 இன் இலக்கம். விண்டோஸ் 11 இன்றும் உள்ளே 10.0 தான். இயங்குதளமே தன் அடையாளத்தை மறைத்துச் சொல்ல வேண்டிய நிலைக்கு, இலக்கத்தை மட்டும் நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் அதைத் தள்ளியுள்ளன. ஆகவே இயக்கிப் பார்ப்பதொன்றே சோதனை. அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் விற்பவரே.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் பெரிய வில்லங்கம். ஆங்கிலத்தில் மென்பொருள் திறந்தால் ‘இயங்குகின்றது’ என்று எழுதிவிடுகின்றார்கள். தமிழில் அது திறந்த பின்னர்தான் சிக்கல் தொடங்குகின்றது. விண்டோஸ் 2000 முதல் நாம் பழகிய லதா எழுத்துரு, விண்டோஸ் 10 இல் மேலதிகமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய எழுத்துருக்களின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. புதிதாக நிறுவிய கணினியில் லதாவில் அமைத்த பக்கத்தைத் திறந்தால் வேறொரு எழுத்துரு வந்து அமரும்; வரிகள் உடையும்; நான்கு பத்தியில் அடங்கிய செய்தி ஐந்தாவது பத்தியை எட்டிப்பார்க்கும். இதைச் சோதித்தறிய, ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றைத் தட்டச்சுச் செய்து, தேடி, வேறொரு மென்பொருளுக்குப் பிரதிசெய்து, அச்சிட்டுப் பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடங்களை விற்பவர் செலவிடாததால், பத்திரிகை அச்சுக்குப் போகும் இரவில் பக்கவடிவமைப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டு அமர்ந்திருந்ததை நான் ஒருமுறை அல்ல, பலமுறை கண்டிருக்கின்றேன்.

இதைவிடப் பாரிய இழப்பும் உண்டு. எமது தமிழ்ப் பத்திரிகைத் துறையில் ஒரு தலைமுறையின் பக்கங்கள் பேஜ்மேக்கரிலும் பாமினி எழுத்துருவிலும் உருவானவை. பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 இல். அதன் கோப்புகளைத் திறக்கவல்ல கடைசி இன்டிசைன், 2012 இல் வந்த சிஎஸ்6. அதற்குப் பிந்தியவை அவற்றைத் திறப்பதில்லை. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு. அது இல்லாத கணினியில் அந்த உரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். போர்க்காலச் செய்திகளும் மரண அறிவித்தல்களும் இடம்பெயர்ந்தோர் பற்றிய பதிவுகளும் இறுவட்டுகளில் பத்திரமாக இருக்கலாம். அவற்றைத் திறக்கும் கணினி இல்லாதுபோனால், இருந்தும் இல்லாதவையே.

‘எல்லாப் பதிப்புகளிலும் சோதிக்க எம்மிடம் வசதியில்லை’ என்பது விற்பவர்களின் வழமையான சமாதானம். ஒரே கணினிக்குள் பல இயங்குதளங்களை மெய்நிகர் இயந்திரங்களாக வைத்துச் சோதிக்கும் வசதி எப்போதோ வந்துவிட்டது. விண்டோஸ் 7 இன் உயர்தரப் பதிப்புகளோடு எக்ஸ்பியை அவ்வாறு இயக்கும் வசதியையும் மைக்ரோசொஃப்ட் வழங்கியது. வசதியில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அக்கறையில்லை என்று சொல்லட்டும், நம்புகின்றேன்.

பெரிய நிறுவனங்களும் உத்தமர்கள் அல்லர். 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது வந்த பரிசோதனைக் கருவி, பலரது கணினிகளைத் தகுதியற்றவை என்று தள்ளியது. ஏன் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. கண்டனம் எழுந்ததும் அதை மீளப்பெற்று, திருத்திப் பின்னர் வெளியிட்டார்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கு என்பதே இதன் மறைபொருள். புதியதை வாங்கினால் பழைய மென்பொருள் ஓடுமா என்பதை மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள்.

வாங்குபவர்கள் இனியாவது வாய்திறக்க வேண்டும். பத்திரிகை நிறுவனங்களும் பாடசாலைகளும் அரச திணைக்களங்களும் கேள்விப்பத்திரம் கோரும்போதே மூன்று நிபந்தனைகளை எழுதுங்கள். சோதிக்கப்பட்ட இயங்குதளப் பதிப்புகளை, 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் சோதித்த திகதியையும் குறிப்பிட்டு, எழுத்தில் தரவேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள பதிப்பில் தமிழ் சரியாக இயங்காவிடின் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஆதரவை நிறுத்துமுன், எமது கோப்புகளை யுனிக்கோட் உரையாக வெளியே எடுக்க வழிசெய்ய வேண்டும்.

இம்மூன்றையும் எழுதிக் கையொப்பமிடத் தயங்குபவரிடம் காசோலையைக் கொடுக்காதீர்கள்.